வளர்ச்சி வீதமும் படுவான்கரையும்

யுத்தம் முடிவுற்றதைத் தொடர்ந்த ஆண்டுகளில் இலங்கையின் பொருளாதார வளர்ச்சி 8 சதவீதத்தை எட்டி, 2012இல் 9 சதவீதத்தையும் தொட்டது. இந்தியாவோடும் சீனாவோடும் எமது வேகத்தை ஒப்பிட்டுப் பெருமைப்பட்ட காலம் அது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்த இயலாதென அறிவித்த அதே நாடு, 2024இல் மீண்டும் சுமார் 5 சதவீத வளர்ச்சியைக் கண்டது. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும், முன்னைய வளர்ச்சியின்போது மட்டக்களப்பு வாவிக் கரைகளில் நிகழ்ந்தது யாதென இத்தருணத்தில் நோக்குவது அவசியமென நாம் கருதுகின்றோம்.

சுமார் 56 கிலோமீற்றர் நீளமான இவ்வாவி, மாவட்டத்தை எழுவான்கரை, படுவான்கரை எனப் பிரிக்கின்றது. கடலோர எழுவான்கரையில் நகரமும் வர்த்தகமும் அமைய, படுவான்கரை வயலையும் கால்நடையையும் நம்பியிருக்கின்றது. 2007 ஜூலையில் கிழக்கு முழுவதும் அரச கட்டுப்பாட்டுக்குள் வந்ததாக அறிவிக்கப்பட்டதன் பின்னர், ‘கிழக்கின் உதயம்’ என்ற பெயரில் வேலைத்திட்டங்கள் ஆரம்பமாகின. ஜப்பானிய உதவியுடன் புதிய கல்லடிப் பாலம் 2013இலும் மண்முனைப் பாலம் 2014இலும் திறக்கப்பட்டன. மண்முனைத் துறையில் ‘பாதை’ எனப்படும் மிதவைக்காகக் காத்துக்கிடந்த மக்களுக்கு இது பெரும் ஆறுதல் என்பதை யாரும் மறுப்பதற்கில்லை.

ஆனால், புள்ளிவிபரங்கள் வேறொன்றைக் கூறுகின்றன. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணிப்பின்படி 2012/13இல் நாட்டின் வறுமை விகிதம் 6.7 சதவீதமாகவும் மட்டக்களப்பில் 19.4 சதவீதமாகவும் இருந்தது. 2016இல் அவை முறையே 4.1, 11.3 என வீழ்ந்தன. வறுமை குறைந்தது உண்மையே. எனினும் தேசிய சராசரியைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு என்ற இடைவெளி பெரிதும் மாறவில்லை.

காரணம் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. பாலத்தின் வழியே படுவான்கரை நெல் விரைவாக வெளியேறுகின்றது. அதனை அரிசியாக்கும் பெரிய ஆலைகள் பொலன்னறுவையில் இருக்கின்றன. 1950களில் தோன்றிய வாழைச்சேனைக் காகித ஆலை யுத்தத்திலும் நிர்வாகச் சீர்கேட்டிலும் நலிந்தது. தொழிற்சாலைகள் வருமுன் கடன் வந்து சேர்ந்தது. நுண்நிதி நிறுவனங்களின் முகவர்கள் வாரந்தோறும் வீட்டு வாசலில் நின்றார்கள். வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் 2018இல் முன்வந்தது என்றால் நிலைமையின் கடுமையை ஊகித்துக்கொள்ளலாம்.

வளர்ச்சியில் கிடைத்த பங்கு சிறிது. வீழ்ச்சியிலோ முழுப்பங்கும் கிடைத்தது. 2021 மே மாதத்து இரசாயன உரத் தடை பெரும்போக விளைச்சலைப் பாதித்தது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டபோது, இயந்திரப் படகில் கடலுக்குச் செல்வோர் பலர் தொழிலையே நிறுத்தினர். 2007இல் 50 கோடி டொலர் பிணைமுறியுடன் கொழும்பு தொடங்கிய சர்வதேசச் சந்தைக் கடனுக்கு இவர்களும் இன்று வரி செலுத்துகின்றனர்.

எழுச்சி பெறும் பெரிய நாடுகள் இச்சிக்கலை அறியாதவை அல்ல. கரையோரம் செழிக்க உட்பகுதி பின்தங்கியதைக் கண்ட சீனா, 2000இல் மேற்குப் பிராந்திய அபிவிருத்திக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. பிரேசில் 2003இல் வறிய குடும்பங்களுக்கு நேரடிக் கொடுப்பனவைத் தொடங்கியது. இந்திய நிதி ஆணைக்குழு, வருமானம் குறைந்த மாநிலங்களுக்குக் கூடுதல் பங்கு கிடைக்கும் வகையில் வரியைப் பகிர்கின்றது. இவற்றால் ஏற்றத்தாழ்வு நீங்கிவிட்டதென நாம் கூறவில்லை. பீகாரையும் கேரளத்தையும் ஒப்பிட்டால் அது விளங்கும். வளர்ச்சி தானாகவே கீழே வடியாது என்பதையேனும் அந்நாடுகள் ஏற்றுக்கொண்டன.

எமது அரசியலமைப்பும் இதனை ஏற்றிருக்கின்றது என்பது பலரும் மறந்துவிட்ட விடயம். 13ஆவது திருத்தத்தின் 154ற உறுப்புரை, மாகாணங்களுக்கு நிதி ஒதுக்கும்போது தலா வருமானத்தையும், மிக உயர்ந்த வருமானமுள்ள மாகாணத்துடனான இடைவெளியைப் படிப்படியாகக் குறைக்க வேண்டியதன் தேவையையும் நிதி ஆணைக்குழு கருத்திற்கொள்ள வேண்டுமென விதிக்கின்றது. ஆனால் அந்நிதியைக் கேட்டுப் பெற வேண்டிய கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிவடைந்த பின்னர், ஆண்டுக்கணக்கில் தேர்தல் நடத்தப்படாமல் ஆளுநரே நிர்வாகம் நடத்தினார்.

அடைமழையில் வயல் மூழ்கும்போது முகத்துவாரத்தை வெட்டிவிடுமாறு படுவான்கரை விவசாயி கேட்கிறார்; அகாலத்தில் வெட்டினால் மீனும் இறாலும் கடலோடு போய்விடுமென வாவி மீனவர் அஞ்சுகிறார். இருவரும் சென்று முறையிடத்தக்க, தாம் வாக்களித்துத் தெரிவுசெய்த மாகாண சபையொன்று அவர்களுக்கு வேண்டும். அதற்கான தேர்தலையும், 154ற உறுப்புரைக்கு அமைவான நிதி ஒதுக்கீட்டையும் ஒவ்வொரு வரவு செலவுத் திட்ட விவாதத்திலும் கிழக்கின் பாராளுமன்ற உறுப்பினர்கள் கட்சி பேதமின்றி எழுப்ப வேண்டுமென நாம் வலியுறுத்துகின்றோம்.