மென்பொருள் தர உறுதியில் உள்ளகக் குழுவும் ஃப்ரீலான்ஸ் சோதனையாளர்களும்

ஒரு மென்பொருளின் பிழைகளைக் கண்டறியும் பணியை, நிறுவனத்தில் மாதச் சம்பளம் வாங்கும் சோதனையாளர்களும் வேலைக்கேற்ற ஊதியம் பெறும் வெளிச் சோதனையாளர்களும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு கலப்புச் சோதனை முறை ஆகும். முதல் வகையினர் உள்ளகக் குழுவினர். இரண்டாம் வகையினர் ஃப்ரீலான்ஸ் சோதனையாளர்கள். மென்பொருளின் உள்ளமைப்பும் பழைய வரலாறும் உள்ளகக் குழுவுக்குத் தெரியும். பலவகைக் கைப்பேசிகள், பல மொழிகள், பல ஊர்களின் இணைய வேகம் ஆகியவற்றோடு புதுக்கண்ணால் பார்க்கும் வாய்ப்பு ஃப்ரீலான்ஸர்களுக்கு உண்டு. பிழை தேடும் வேலையை வெளியாருக்கும் பிரித்துக் கொடுக்கலாம். எது பிழை, எதை முதலில் திருத்துவது, வெளியிடலாமா கூடாதா என்ற தீர்மானங்கள் நிறுவனத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது இம்முறையின் அடிப்படை விதி.

வரலாறு

தாம் எழுதிய நிரலைத் தாமே சோதிப்பவர் தம் தவறுகளைக் காணத் தவறுவார் என்ற கருத்து மென்பொருள் துறையில் பழமையானது. கிளென்ஃபோர்ட் மையர்ஸ் 1979இல் வெளியிட்ட ‘தி ஆர்ட் ஆஃப் சாஃப்ட்வேர் டெஸ்டிங்’ நூல் இதை ஒரு கோட்பாடாகவே வகுத்தது. நிரலர் மட்டுமன்றி, நிரல் எழுதும் நிறுவனமும் தன் நிரலைத் தானே சோதிப்பதைத் தவிர்க்க வேண்டும் என்றும் அது கூறியது. சேலஞ்சர் விண்ணோட விபத்துக்குப் பிந்தைய பரிந்துரைகளை ஒட்டி, நாசா 1993இல் மேற்கு வர்ஜீனியாவின் ஃபேர்மான்ட் நகரில் மென்பொருளைத் தனித்துச் சரிபார்க்கும் மையம் ஒன்றை நிறுவியது.

பிழை கண்டவருக்குப் பணம் தரும் வழக்கமும் பழையதே. கணினி அறிவியலாளர் டொனால்ட் கனூத் தம் நூல்களிலும் டெக் அச்சுக்கோப்பு மென்பொருளிலும் பிழை சுட்டியவர்களுக்குக் காசோலை அனுப்பினார், நூற்பிழைக்கு 2.56 டாலர் என்பது அவர் வைத்த தொகை. 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் நேவிகேட்டர் 2.0 உலாவியின் முன்னோட்டப் பதிப்பில் பிழை கண்டவர்களுக்குப் பரிசு அறிவித்தது. மோசில்லா 2004இலும் கூகுள் 2010இலும் பாதுகாப்புப் பிழைகளுக்கான பரிசுத் திட்டங்களைத் தொடங்கின.

பரிசு என்ற நிலையிலிருந்து இது ஒழுங்கான தொழிலாக மாறியது 2007இல் அமெரிக்காவில் யூடெஸ்ட் தொடங்கிய பிறகு. பின்னாளில் அப்ளாஸ் என்று பெயர் மாற்றிக்கொண்ட அந்நிறுவனம், பல நாட்டுச் சோதனையாளர்களைப் பதிவு செய்து, வாடிக்கையாளர் கேட்கும் கருவியும் மொழியும் உள்ளவர்களை வேலைக்கு அமர்த்தியது. 2011இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் டெஸ்ட்பேர்ட்ஸ் தோன்றியது. பாதுகாப்புச் சோதனைக்கென 2012இல் ஹேக்கர்ஒன், பக்கிரவுட் ஆகியவை உருவாயின.

உள்ளகக் குழுவின் பணி

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பழைய வசதிகள் கெடாமல் இருக்கின்றனவா என்று பார்க்கும் ரிக்ரஷன் சோதனை, தானியங்கிச் சோதனை நிரல்களைப் பராமரிப்பது, தரவுத்தளத்தையும் பின்புல அமைப்புகளையும் சோதிப்பது ஆகியவை உள்ளகக் குழுவுக்கு உரியவை. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு விதி ஏன் மாற்றப்பட்டது, எந்த வாடிக்கையாளருக்காக ஒரு விலக்கு சேர்க்கப்பட்டது என்பன போன்ற நினைவுகள் எந்த ஆவணத்திலும் முழுமையாக இருப்பதில்லை. அவை அங்கேயே பணிபுரிபவர்களிடம்தான் இருக்கின்றன. தேவைகளை வகுக்கும் கட்டத்திலேயே கேள்வி எழுப்பி, நிரல் எழுதுமுன் பிழையைத் தடுப்பதும் அவர்களால் மட்டுமே முடியும்.

ஃப்ரீலான்ஸ் சோதனையாளரின் பணி

எண்ணற்ற ஆண்ட்ராய்டு கைப்பேசி வகைகளை எந்த அலுவலகமும் வாங்கி அடுக்கிவைக்க முடியாது. விலை மலிந்த பழைய கைப்பேசி, நிரம்பிவழியும் நினைவகம், அடிக்கடி அறுந்துபோகும் மொபைல் டேட்டா ஆகியவையே பெரும்பாலான பயனாளர்களின் அன்றாட நிலை. அந்த நிலையிலேயே வாழும் சோதனையாளர் கண்டுபிடிக்கும் பிழை, வேகமான வைஃபை உள்ள அலுவலகத்தில் தலைகாட்டுவதே இல்லை.

மொழிச் சோதனையில் இவர்களின் தேவை இன்னும் தெளிவாகத் தெரியும். 2018 பிப்ரவரியில், ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து அடங்கிய செய்தி வந்தால் ஐஃபோனின் செயலிகள் முடங்கிப்போயின. ஜகர, ஞகர மெய்கள் சேர்ந்த எழுத்தோடு, கண்ணுக்குத் தெரியாத ஒருங்குறிக் குறி ஒன்றும் உயிர்க்குறியும் குறிப்பிட்ட வரிசையில் வந்ததே காரணம். ஆப்பிள் 2018 பிப்ரவரி 19 அன்று வெளியிட்ட ஐஓஎஸ் 11.2.6 பதிப்பில் அது சரிசெய்யப்பட்டது. தமிழிலும் இத்தகைய இடங்கள் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்ற இரு குறிகளாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் இரண்டையும் இயல்பாக்கம் செய்து, அதாவது ஒரே வடிவத்துக்கு மாற்றி, ஒப்பிடாத தேடல் வசதி ஒன்றைக் கண்டு மற்றதை விட்டுவிடும். தமிழில் நாள்தோறும் தட்டச்சு செய்பவர்தான் இதை உடனே கவனிப்பார்.

வேலையைப் பிரிக்கும் முறை

பொதுவாகச் சோதனை ஒரு சுழற்சியாக நடத்தப்படும். எதைச் சோதிக்க வேண்டும், எதைத் தொடக்கூடாது, எந்தக் கருவிகள் தேவை, ஏற்கெனவே தெரிந்த பிழைகள் எவை என்று உள்ளகக் குழு ஒரு குறிப்பேடு தயாரிக்கும். ஃப்ரீலான்ஸர்கள் குறித்த நாட்களுக்குள் சோதித்து அறிக்கைகளைப் பதிவிடுவர். உள்ளே ஒருவர் அவற்றைப் படித்து, மீண்டும் செய்துபார்த்து, தரம்பிரிப்பார். துறையில் இது ட்ரையாஜ் எனப்படும். ஒரே பிழையைப் பலர் அனுப்பியிருந்தால் அவை ஒன்றாக்கப்படும். உறுதியானவை ஜிரா, பக்சில்லா போன்ற வழுப்பதிவுக் கருவிகளில் ஏறி நிரலர்களிடம் சேரும். திருத்திய பின், முதலில் கண்டவரிடமே திரும்பக் கொடுத்து உறுதி செய்வது நல்ல நடைமுறை. அதன்பிறகு அந்தப் பிழைக்கென ஒரு தானியங்கிச் சோதனை எழுதப்பட்டு ரிக்ரஷன் தொகுப்பில் சேரும். வெளியார் ஒருமுறை கண்டது இவ்வாறு நிறுவனத்தின் நிலையான அறிவாகிறது.

வழு அறிக்கை

இரு தரப்பையும் இணைப்பது வழு அறிக்கையே. “பணம் செலுத்தினேன், வேலை செய்யவில்லை” என்ற அறிக்கையால் நிரலருக்குப் பயனில்லை. “செயலியின் எந்தப் பதிப்பு, எந்தக் கைப்பேசி, கூடையில் இரு பொருட்கள் வைத்துப் பணம் செலுத்தும் பொத்தானை அழுத்தினேன், வங்கிப் பக்கத்திலிருந்து திரும்பும்போது டேட்டாவை நிறுத்தினேன், வங்கிக் கணக்கில் தொகை கழிந்தது, செயலி தோல்வி என்றது, மூன்று முறை செய்தும் இதேதான்” என்று திரைப்பதிவுடன் வரும் அறிக்கை பாதி வேலையை முடித்துவிடுகிறது.

தரம்பிரிப்பவர் தீவிரத்தையும் முன்னுரிமையையும் தனித்தனியே பார்க்க வேண்டும். முகப்புப் பக்கத்தில் நிறுவனப் பெயர் தவறாக இருந்தால் மென்பொருள் இயங்குவதில் குறையில்லை. ஆனாலும் அன்றே திருத்தியாக வேண்டும். வணிகச் சூழல் அறிந்த உள்ளகக் குழுதான் இந்த வேறுபாட்டை முடிவு செய்ய முடியும்.

எடுத்துக்காட்டு: ஹேக் தி பென்டகன்

அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2016 ஏப்ரல் 18 முதல் மே 12 வரை, தன் பொது இணையதளங்கள் சிலவற்றைச் சோதிக்க வெளியாரை அழைத்தது. ஹேக்கர்ஒன் வழியாக 1,400க்கும் மேற்பட்டோர் பதிவு செய்தனர். 250க்கும் மேற்பட்டோர் குறைந்தது ஓர் அறிக்கையாவது அனுப்பினர். அறிக்கைகளுள் 138 மட்டுமே உண்மையான, தனித்த, பரிசுக்குரிய ஓட்டைகள் என ஏற்கப்பட்டன. மொத்தச் செலவு சுமார் 1,50,000 டாலர். வழக்கமான வெளிநிறுவனத் தணிக்கைக்கு 10 லட்சம் டாலருக்கு மேல் ஆகியிருக்கும் என அப்போதைய பாதுகாப்புச் செயலர் ஆஷ் கார்ட்டர் மதிப்பிட்டார். சோதனைக்குரிய தளங்களின் எல்லை முன்கூட்டியே வரையறுக்கப்பட்டது; பங்கேற்பாளர்கள் பின்னணிச் சரிபார்ப்புக்கு உட்பட்டனர்; வந்த அறிக்கைகளைச் சரிபார்த்து ஓட்டைகளை அடைக்க ஆட்கள் இருந்தனர். திட்டம் வென்றதற்கு இந்த முன்னேற்பாடுகள் முக்கியக் காரணம்.

ஊதியமும் நியாயமும்

ஏற்கப்பட்ட ஒவ்வொரு பிழைக்கும் தொகை, மணிக்கணக்கு, சுழற்சிக்கு ஒரு தொகை என மூன்று வகை ஊதியம் நிலவுகிறது. பிழைக்கு மட்டும் பணம் தந்தால் அற்பப் பிழைகள் குவியும். மெனக்கெட்டுச் சோதித்து ஒன்றும் கிடைக்காதவர் வெறுங்கையோடு போவார். ஒரு வசதியில் பிழை இல்லை என்று உறுதி செய்வதும் உழைப்பே. ஆகவே அடிப்படைத் தொகையும், பிழையின் தீவிரத்துக்கேற்ற கூடுதல் தொகையும் சேர்ந்த முறை நியாயமானது. அறிக்கை மறுக்கப்பட்டால் காரணம் சொல்லப்பட வேண்டும்.

பாதுகாப்பும் சட்டமும்

வெளியாருக்கு உண்மையான வாடிக்கையாளர் தரவைத் தரக்கூடாது. போலித் தரவு நிரப்பிய தனிச் சோதனைத் தளமே தர வேண்டும். இரகசியக்காப்பு ஒப்பந்தமும் அணுகலுக்குக் காலவரம்பும் தேவை. இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 43, 66ஆம் பிரிவுகள் அனுமதியின்றிக் கணினி அமைப்பில் நுழைவதற்கு இழப்பீடும் தண்டனையும் விதிக்கின்றன. எனவே எழுத்துமூலமான அனுமதி சோதனையாளருக்கும் பாதுகாப்பு.

குறைபாடுகள்

வெளியார் பார்த்துக்கொள்வார்கள் என்ற எண்ணத்தில் நிரலர்கள் தரத்தின் பொறுப்பைக் கைவிடும் ஆபத்து உண்டு. சோதனையாளர் சான்றிதழ் வழங்கும் ஐஎஸ்டிக்யூபி அமைப்பின் பாடத்திட்டமும் இதை எச்சரிக்கிறது. அறிக்கைகளின் வெள்ளம் மற்றொரு சிக்கல். கர்ல் என்ற திறமூல மென்பொருள் திட்டத்தை நடத்தும் டேனியல் ஸ்டென்பெர்க், செயற்கை நுண்ணறிவால் எழுதப்பட்ட பொய்யான அறிக்கைகள் தன்னார்வலர்களின் நேரத்தைத் தின்பதாக 2025இல் வெளிப்படையாகக் குறைகூறினார்.

உள்ளகக் குழுவைக் கலைத்துவிட்டுச் செலவைக் குறைக்கும் வழியாக ஃப்ரீலான்ஸர்களை நாடும் நிறுவனத்துக்கு இம்முறை பயன்படாது. அறிக்கைகளைப் படிக்கவும், திருத்தவும், நினைவில் வைக்கவும் உள்ளே ஆட்கள் இருக்கும் இடத்தில்தான் வெளியார் கண்டுபிடிப்பது பயனாளருக்கு நன்மையாகச் சென்று சேரும்.