கொம்பு தானே முன்னால் போனது

1996இல் மதுரையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையில் டிடிபி ஆபரேட்டராகச் சேர்ந்தேன். தகுதி, டைப்ரைட்டிங் லோயர் பாஸ். விண்டோஸ் 95, பேஜ்மேக்கர், பாமினி எழுத்துரு, இவ்வளவுதான் தொழில். கம்ப்யூட்டரில் உள்ள எல்லாவற்றையும் பில் கேட்ஸ்தான் கண்டுபிடித்தார் என்று முதலாளி சொல்வார். நானும் நம்பினேன்.

பாமினியில் 'கெ' வேண்டுமென்றால் முதலில் கொம்பை அடிக்கணும், அப்புறம் 'க'. கையால் எழுதுகிற அதே வரிசை. ஃப்ளாப்பியை வேறு அச்சகத்துக்குக் கொண்டுபோய், அங்கே அந்த எழுத்துரு இல்லாவிட்டால் வந்தது வினை. 'தமிழ்' என்று அடித்தது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று பல்லிளிக்கும். மெஷினைப் பொறுத்தவரை நாங்கள் அடித்ததெல்லாம் வேஷம் கட்டிய இங்கிலீஷ்.

கேட்ஸின் கதையைப் பிற்பாடுதான் தேடிப் படித்தேன். 1980இல் ஐபிஎம் தன் பெர்சனல் கம்ப்யூட்டருக்கு இயங்குதளம் கேட்டபோது, கொடுக்க மைக்ரோசாஃப்டிடம் ஒன்றும் கிடையாது. சியாட்டிலில் ஒரு சின்னக் கம்பெனியில் டிம் பேட்டர்சன் என்பவர் ஒன்று எழுதி வைத்திருந்தார். அதுவும் கேரி கில்டாலின் சிபி/எம் இயங்குதளத்தின் போக்கில் எழுதியது. 1981 ஜூலையில் 50,000 டாலருக்கு அதை முழுசாக வாங்கிவிட்டார்கள். அதுதான் டாஸ்.

சாமர்த்தியம் ஒப்பந்தத்தில் இருந்தது. ஐபிஎம் டாஸைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அடுத்தவருக்கு விற்கிற உரிமை மைக்ரோசாஃப்டிடமே இருக்கும். காம்பேக் மாதிரி ஆட்கள் ஐபிஎம் பெட்டியைப் பார்த்துப் பெட்டி செய்ய ஆரம்பித்ததும் அவர்களுக்கும் டாஸ் போனது. பெட்டியை எவன் வேண்டுமானாலும் செய்வான், உள்ளே ஓடுவது நம்முடையதாக இருக்கட்டும் என்று அப்போதே கணக்குப் போட்டிருக்கிறார்கள். டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் அசெம்பிள் செய்து வாங்கிய எங்கள் கடைப் பெட்டிகூட அந்தக் கணக்கின் பேரப்பிள்ளைதான். இதைத் தொலைநோக்கு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. (அந்தப் பெட்டியில் இருந்த விண்டோஸுக்கு நாங்கள் காசு கொடுத்தோமா என்று கேட்காதீர்கள்.)

மற்றபடி மவுஸும் ஜன்னலும் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் 1973இல் உருவான ஆல்டோ மெஷினிலேயே ஓடியவை. ஆப்பிள் 1984இல் மெக்கின்டாஷ் கொண்டுவந்தது. மறு வருஷம் வந்த முதல் விண்டோஸில் ஜன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது, தரையில் பதித்த ஓடு மாதிரி பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். பவர்பாயிண்ட் 1987இல் 1.4 கோடி டாலருக்கு வாங்கியது.

ஆனால் விண்டோஸ் 2000 வந்தபோது ஒன்று நடந்தது. அதில் லதா என்று ஒரு தமிழ் எழுத்துரு. 'க' அடித்தேன், அப்புறம் எகரம். கொம்பு தானாக நகர்ந்து 'க'வுக்கு முன்னால் போய் நின்றது. அழித்துவிட்டு மறுபடி அடித்தேன். முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சரிப்பா, பத்திரிகை எப்போ முடியும்?" என்றார்.

இதற்கும் வேர் வேறிடத்தில். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் யூனிகோட் யோசனை ஜெராக்ஸிலும் ஆப்பிளிலும் இருந்தவர்களுடையது. 1991இலேயே அதில் தமிழ் ஏறிவிட்டது. மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் மென்பொருள் விண்டோஸ் 2000க்கு முன்பிருந்தே தமிழில் ஓடியது. ஆனாலும் என் மேஜைக்கு யூனிகோட் தமிழ் வந்து சேர்ந்தது விண்டோஸுக்குள் உட்கார்ந்துதான். விசைப்பலகையில்தான் மைக்ரோசாஃப்ட்காரர்கள் கோட்டை விட்டார்கள். சென்னையில் நடந்த மாநாட்டில் 1999இல் தமிழ்99 விசைப்பலகை அடுக்கு முடிவாகியிருந்தும் விண்டோஸ் 2000 தந்தது வேறொரு அடுக்கு. இலவசமாகக் கிடைத்த இ-கலப்பை மென்பொருள்தான் கைகொடுத்தது.

பேஜ்மேக்கருக்கோ யூனிகோட் கடைசிவரை புரியவேயில்லை. அதனால் ஒரு பழைய எக்ஸ்பி பெட்டி இன்னும் கடை மூலையில் இருக்கிறது. போன மாசம் ஒருவர் 1998இல் அடித்த தன் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். "அண்ணே, மகளுக்கும் அச்சு அசலா இதே மாதிரி வேணும்" என்றார். ஃபைல் இருந்தது. பெயரை மட்டும் மாற்றணும். பொண்ணு பெயர் கௌசல்யா. விரல் தானாகப் போய் முதலில் கொம்பை அடித்தது.