ரெசிப்ரோகேட்டிங் சா: வீட்டுக்கா, தொழிலுக்கா? வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை என்னென்ன?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையை நெல்லை, தூத்துக்குடி மக்கள் அவ்வளவு எளிதில் மறக்க மாட்டார்கள். தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னக்காயலுக்குப் பக்கத்தில் இருக்கும் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. திருநெல்வேலி சந்திப்புப் பகுதிக்குள்ளும் வெள்ளம் புகுந்தது.

வெள்ளம் வடிந்த பிறகுதான் வீட்டுக்காரர்களுக்கு நிஜமான வேலை ஆரம்பிக்கும். ஊறி உப்பிய கதவு, இத்துப்போன நிலை, வாசலில் விழுந்த வேப்பங்கிளை, வளைந்த பைப் என எல்லாவற்றையும் வெட்டி எடுத்தாக வேண்டும். இந்த மாதிரி வேலைக்குத்தான் 'ரெசிப்ரோகேட்டிங் சா' பயன்படுகிறது. கடைகளில் 'ரெசிப்ரோ சா', 'சேபர் சா' என்று கேட்டாலும் கிடைக்கும். ஆனால் எல்லோருக்கும் இது தேவையா?

இது என்ன மெஷின்?

டிரில்லிங் மெஷின் மாதிரி கையில் பிடிக்கும் கருவி. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பிளேடு, கை ரம்பம் போலவே முன்னும் பின்னும் அசையும். நிமிடத்துக்கு 2,500 முதல் 3,000 தடவை வரை இழுக்கும் என்பதுதான் வித்தியாசம். அமெரிக்காவின் மில்வாக்கி நிறுவனம் 1951இல் 'சாஸால்' என்ற பெயரில் அறிமுகப்படுத்திய பிறகு இந்த வகை பிரபலமானது.

நேர்த்தியான வெட்டுக்கு இது சரிவராது. புதிய பலகையை வளைவாக அறுக்க ஜிக்சா வேண்டும்; நேராக அறுக்க சர்க்குலர் சா வேண்டும். ரெசிப்ரோ சா என்பது பிரித்தெடுக்கும், இடிக்கும் வேலைக்கான கருவி.

எதுக்கு வாங்குறீங்க?

வீடு, தோட்டம்: கொய்யா, வேம்பு, முருங்கைக் கிளைகளைக் கழிப்பது, பழைய பி.வி.சி. பைப்பை வெட்டுவது போன்றவற்றுக்கு பேட்டரியில் ஓடும் சிறிய மாடலே போதும். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் வேலை என்றால் வாங்கவே வேண்டாம். பிரேக்கர், டிரில்லிங் மெஷின் வாடகைக்கு விடும் கடைகளில் விசாரித்துப் பாருங்கள். வாழைத் தோட்டக்காரர்களுக்கும் இது தேவையில்லை. வாழைத்தண்டின் நாரும் சாறும் பிளேடில் சுற்றிக்கொள்ளும். அங்கே அருவாள்தான் ராஜா.

தொழில்: பழைய வீடு பிரிப்பவர்கள், பிளம்பர்கள், ஏ.சி. மற்றும் பைப்லைன் வேலை செய்பவர்களுக்கு இது காசு கொடுக்கும் கருவி. நெல்லைப் பக்கத்துப் பழைய வீடுகளில் பனங்கையும் தேக்கு உத்திரமும் இருக்கும். உள்ளே துருப்பிடித்த ஆணி எங்கே இருக்கிறது என்று வெளியே தெரியாது. செயின் சாவில் ஆணி பட்டால் சங்கிலி பாழ். ரெசிப்ரோ சாவில் சரியான பிளேடு இருந்தால் ஆணியோடு சேர்த்தே அறுத்துவிடும். ஆனால் அடிமரத்தையே அறுக்கும் வேலைக்கு செயின் சாதான் சரி.

வாட்ஸ் மட்டும் பார்த்தால் போதுமா?

போதாது. போஷ் ஜி.எஸ்.ஏ. 1100 இ மாடல் 1,100 வாட், மகிட்டா ஜே.ஆர். 3050 டி மாடல் 1,010 வாட். ஆனால் இரண்டிலும் பிளேடு நகரும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், 28 மி.மீ.தான். இந்தத் தூரம் அதிகமாக இருந்தால் மரத்தில் வேகமாக இறங்கும். குறைவாக இருந்தால் இடுக்கான இடத்தில் வசதி. கூடவே இந்த மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள்: வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரிகர், ஸ்பேனர் இல்லாமல் பிளேடு மாற்றும் வசதி, உங்கள் ஊரிலேயே சர்வீஸ் சென்டர்.

பேட்டரி மாடல் என்றால், ஒட்டியிருக்கும் விலையில் பேட்டரியும் சார்ஜரும் சேர்த்தியா என்று முதலில் கேளுங்கள். பல மாடல்கள் மெஷின் மட்டும்தான் வரும். ஏற்கெனவே வைத்திருக்கும் டிரில்லிங் மெஷினின் 18 வோல்ட் பேட்டரியே இதற்கும் பொருந்தினால் செலவு பாதியாகக் குறைய வாய்ப்புண்டு. 2 ஏ.எச். பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். 4 அல்லது 5 ஏ.எச். நல்லது.

பிளேடுதான் உயிர்

ஒரு அங்குலத்துக்கு எத்தனை பல் என்பதை 'டி.பி.ஐ.' என்று பிளேடிலேயே அச்சிட்டிருப்பார்கள்.

• பச்சைக் கிளை, மரம்: 5 முதல் 8 வரை
• ஆணி உள்ள மரம்: 10 முதல் 14 வரை, 'பை-மெட்டல்' வகை
• மெல்லிய இரும்புத் தகடு, பைப்: 18 முதல் 24 வரை
• வார்ப்பிரும்பு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்: 'கார்பைடு' பல் வகை

வெட்டும் பொருளைவிட பிளேடு நீளமாக இருக்க வேண்டும். பின்னால் இழுக்கும்போதும் நுனி மறுபக்கம் வெளியே தெரிய வேண்டும். இல்லாவிட்டால் நுனி மரத்தில் முட்டி பிளேடு வளையும் அல்லது உடையும். இரும்பை அறுக்கும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கிரைண்டரில் மர பிளேடு மாட்டலாமா?

கூடவே கூடாது. பல இடங்களில் ஆங்கிள் கிரைண்டரில் மரம் அறுக்கும் வட்ட பிளேடை மாட்டி வேலை பார்க்கிறார்கள். கிரைண்டரின் வேகம் அந்த பிளேடுகள் பலவற்றுக்கு அதிகம். பல் மரத்தில் மாட்டினால் மெஷின் கையை மீறித் தூக்கி அடிக்கும். கழுத்து, முகம், தொடை எங்கே படும் என்று சொல்ல முடியாது. 'ரெசிப்ரோ சா எதுக்கு, கிரைண்டரே போதுமே' என்று யாராவது சொன்னால் இதை யோசித்துப் பாருங்கள்.

கை மரத்துப்போகுதா?

இந்தக் கருவியில் அதிர்வு அதிகம். தொடர்ந்து பிடித்தால் விரல் மரத்துப்போவதில் ஆரம்பித்து நிரந்தர நரம்புப் பாதிப்பு வரை போகலாம். ஐரோப்பிய விதிப்படி 8 மணி நேர வேலைக்கு அதிர்வு வரம்பு 5 மீ/வி². கையேட்டில் 20 என்று போட்டிருக்கும் மெஷினை அரை மணி நேரம் ஓட்டினாலே அந்த வரம்பு முடிந்துவிடும். முன்னால் உள்ள உலோகத் தட்டை வெட்டும் பொருளோடு அழுத்திப் பிடித்தால் அதிர்வு குறையும். ஆள் மாற்றி ஆள் வேலை பார்ப்பது இன்னும் நல்லது.

வெட்டுறதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க

• சுவரையோ மரச்சட்டத்தையோ வெட்டும் முன் மெயின் சுவிட்சை அணையுங்கள். உள்ளே வயர், தண்ணீர் பைப் இருக்கலாம்.
• வெள்ளம் புகுந்த வீட்டில் கரண்ட் மெஷின் வேண்டாம். பேட்டரி மாடல் மட்டும். மற்ற இடங்களில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. உள்ள இணைப்பையே பயன்படுத்துங்கள்.
• மின்கம்பியில் சாய்ந்த கிளையைத் தொடாதீர்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987ஐ அழையுங்கள்.
• உத்திரம், பனங்கையை அறுக்கும் முன் கீழே முட்டுக் கொடுங்கள்.
• கண்ணாடி, கையுறை, காதடைப்பான் கட்டாயம். பிளேடு மாற்றும்போது பிளக்கையோ பேட்டரியையோ கழற்றிவிடுங்கள்.
• பனைமரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே தமிழ்நாடு அரசு அறிவித்தது. சொந்தத் தோட்டத்துப் பனை என்றாலும் விசாரிக்காமல் கைவைக்க வேண்டாம்.

முடிவா எதை வாங்கலாம்?

எப்போதாவது ஒரு கிளை கழிக்கும் வீட்டுக்கு கை ரம்பமோ வாடகை மெஷினோ போதும். மாதத்துக்குச் சில தடவை வேலை இருந்தால் 18 வோல்ட் பேட்டரி மாடல். தினமும் இடிக்கும், பிரிக்கும் வேலை என்றால் 1,000 வாட்டுக்கு மேல், 28 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள கரண்ட் மாடல். எதை வாங்கினாலும் பட்ஜெட்டில் ஒரு பகுதியை நல்ல பிளேடுக்கும் கண்ணாடிக்கும் ஒதுக்கிவிட்டு, மீதிப் பணத்துக்கு மெஷினைத் தேடுங்கள்.