கடலடியிலிருந்து வந்த ஒரு பெயர்



இந்த யூபிலி மலருக்காக நம் பங்கின் பழைய பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தோம். இறந்தோர் பதிவேட்டின் மங்கிய பக்கம் ஒன்றில், "பெயர் தெரியாத வழிப்போக்கர், நம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம்" என்ற ஒற்றை வரி கண்ணில் பட்டது. எந்தத் தாய் பெற்ற பிள்ளையோ! எந்த வீட்டில் எத்தனை ஆண்டுகள் வாசலைப் பார்த்துக் காத்திருந்தார்களோ! அந்த வரியைத் தாண்டிப் போக நமக்கு மனம் வரவில்லை. அது வேறொரு வரலாற்றை நம் நினைவுக்குக் கொண்டுவந்தது.

பிழைப்புத் தேடிக் கப்பலேறிய மக்கள் என்றால் உலகம் முதலில் அயர்லாந்து நாட்டாரைச் சொல்லும். 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியதால் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் நாட்டைவிட்டு வெளியேறினர். பஞ்சம் தீர்ந்த பின்னும் அந்தப் பயணம் நிற்கவில்லை. 1912 ஏப்ரலில் மேயோ பகுதியிலுள்ள அடர்கூல் என்னும் சிறு கத்தோலிக்கப் பங்கிலிருந்து 14 பேர் டைட்டானிக் கப்பலில் அமெரிக்காவுக்குப் புறப்பட்டனர். அவர்களுள் 11 பேர் கடலில் மாண்டனர். இந்த நூற்றாண்டில் அப்பங்கு மக்கள் ஒரு வழக்கத்தைத் தொடங்கினர். ஒவ்வோர் ஏப்ரல் 15-ஆம் நாளும், கப்பல் மூழ்கிய அதே நேரமாகிய அதிகாலை 2.20 மணிக்கு, அவ்வூர்க் கோயில் மணி ஒலிக்கிறது. இறந்தவர் ஒவ்வொருவரின் பெயரும் அவ்வூராருக்குத் தெரியும்.

ஆனால் கோயில் மணி ஒலிக்காத கப்பல் சேதங்களும் உண்டு. அவற்றுள் ஒன்றில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் மாண்டனர்.

கிறிஸ்து பிறப்பு இரவில்

1995 அக்டோபர் இறுதியில் போருக்கு அஞ்சி யாழ்ப்பாணத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் ஊரைவிட்டு நடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்தப் போர்க்காலத்தில் எத்தனையோ குடும்பங்கள் நிலத்தை விற்றும் நகையை அடகு வைத்தும் ஏஜெண்டுகளின் கையில் பணத்தைக் கொடுத்து, ஒரு பிள்ளையையாவது ஐரோப்பாவுக்கு அனுப்பிவிடத் துடித்தன. அவ்வாறு புறப்பட்டவர்களுள் அன்பழகன் கணேசு என்னும் 17 வயதுப் பிள்ளையும் ஒருவன்.

1996 டிசம்பர் 25-ஆம் நாள் இரவு. உலகமெங்கும் கோயில்களில் கிறிஸ்து பிறப்பு விழா. மால்டாவுக்கும் சிசிலித் தீவுக்கும் இடைப்பட்ட கடலிலோ கடும் புயல். இந்தியா, பாகிஸ்தான், இலங்கை நாடுகளைச் சேர்ந்தவர்களை ஏற்றிவந்த 'யோகான்' என்ற கப்பலிலிருந்து, 300-க்கும் மேற்பட்டோரைச் சுமார் 18 மீட்டர் நீளமுள்ள மரப்படகு ஒன்றில் இறக்கினார்கள். பாரம் தாங்காமல் படகுக்குள் தண்ணீர் புகுந்தது. உதவத் திரும்பிய பெரிய கப்பல் அலையில் அந்தப் படகின் மீதே மோதியது. ஏறத்தாழ 283 பேர் மூழ்கினர். தப்பியவர்கள் சிலரே.

அவர்களைக் கிரேக்க நாட்டுக் கரையில் இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது. நடந்ததை அவர்கள் காவல்துறையிடம் கதறிச் சொன்னார்கள். உடலும் இல்லை, உடைந்த படகும் இல்லை என்பதால் அதைக் கட்டுக்கதை என்றே பலர் ஒதுக்கினர்.

உண்மையில் உடல்கள் கிடைத்துக்கொண்டுதான் இருந்தன. சிசிலியின் தென்முனையிலுள்ள போர்த்தோபாலோ ஊர் மீனவர்களின் வலைகளில் மீனோடு மனித உடல்களும் ஏறின. கரைக்குக் கொண்டுவந்தால் விசாரணை வரும், படகை நிறுத்திவைப்பார்கள், பல நாள் பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சி, அவற்றைத் திரும்பக் கடலிலேயே போட்டார்கள். அவர்களும் நம்மைப் போலக் கோயிலுக்குப் போகிறவர்கள்தாம். வயிற்றுப்பாட்டுக்கு அஞ்சிய ஏழைகள். அவர்களைத் தீர்ப்பிட நாம் யார்? ஆயினும் அந்த மௌனத்தால் நானூறு ஐந்நூறு பெற்றோர் ஆண்டுக்கணக்காகக் கடிதத்திற்குக் காத்திருந்தார்கள் என்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது.

ஒரு மீனவரின் மனசாட்சி

2001-ஆம் ஆண்டில் சல்வத்தோரே லூப்போ என்ற மீனவரின் கைக்கு, வலையில் வந்த கால்சட்டை ஒன்றிலிருந்து பிளாஸ்டிக் உறையிட்ட அடையாள அட்டை கிடைத்தது. நான்கு ஆண்டுகள் உப்புநீரில் கிடந்தும் முகமும் பெயரும் அழியவில்லை. அன்பழகன் கணேசு! அதுவரை வெறும் பிணமாக இருந்தவன், அன்று முகமுள்ள ஒரு பிள்ளையானான். லூப்போவால் அதன்பின் சும்மா இருக்க முடியவில்லை. ஜொவான்னி மரியா பெல்லு என்ற பத்திரிகையாளரிடம் அட்டையையும், வலைகள் சிக்கிக் கிழியும் இடத்தையும் காட்டினார். அவ்வாண்டு ஜூனில் கடலுக்குள் இறக்கிய கேமரா, 108 மீட்டர் ஆழத்தில் படகையும் எலும்புகளையும் படம்பிடித்தது. தப்பியவர்கள் சொன்னது அத்தனையும் உண்மை என்று உலகம் அறிந்தது.

லூப்போவுக்குப் பாராட்டு மட்டும் கிடைக்கவில்லை. ஊர்ப்பெயரைக் கெடுத்தவன் என்று சொந்த ஊராரே அவரைப் பகைத்தனர். உண்மைக்கு அவர் கொடுத்த விலை அது.

நமக்கு இதில் என்ன?

குல்லூர்சந்தையிலும் செவலூரிலும் முகாம்களில் வாழ்ந்த ஈழத்து உறவுகளை நாம் அறிவோம். கடலில் போனவர்களை எண்ணி அழுத வீடுகள் நமக்குத் தொலைவில் இல்லை. கடல் இல்லாத நம் கந்தக பூமியிலும் இந்த வேதனை உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் ஆலைத் தொழிலாளர் அல்லர். புகையைக் கண்டு ஓடிவந்த அக்கம்பக்கத்து ஊரார். எந்த வருகைப் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் இராது. கருகிய உடலை வளையலையும் மெட்டியையும் கொண்டு அடையாளம் காணும் கொடுமை இந்த மண்ணுக்குப் புதிதன்று. வேலைக்குப் போகிறவர் பெயர் கணக்கில் இருக்கிறதா என்று கேட்பதற்குக்கூட நாம் அஞ்சுகிறோம். கேட்டால் நாளை வேலை இராதோ என்ற அச்சம்! போர்த்தோபாலோ மீனவரின் அச்சமும் இதுதான்.

ஆகவே யூபிலி ஆண்டில் ஒரு வேண்டுகோள். ஆலையில் இறந்தவர், வெளிநாடு சென்று திரும்பாதவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், எந்தச் சமயத்தவராயினும் சரி, பெயரும் வயதும் எழுதி நம்மிடம் தாருங்கள். அவற்றைத் தனி ஏடாகத் தொகுத்து, நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று ஒவ்வொன்றாக வாசிப்போம். அந்த ஏட்டின் முதல் வரியில் நம் கல்லறைத் தோட்டத்து வழிப்போக்கரையும், அடுத்த வரியில் அன்பழகன் கணேசுவையும் ஏற்கெனவே எழுதிவிட்டோம்.