400 பேரின் கட்சியும் சுமாத்ராவிலிருந்து வந்த ஆசிரியரும்

சென்ற உள்ளூராட்சித் தேர்தல் முடிவு வந்த மறுநாள், சுபஹுக்குப் பிறகு தேநீர்க் கடையில் கதை சூடாக இருந்தது. எமது பிரதேச சபைக்கு ஒரு சின்ன இடதுசாரிக் கட்சியும் கேட்டிருந்தது. அதற்கு விழுந்த வாக்குகளைக் கேட்டதும் ஒரு நானா சொன்னார்: "போட்ட எல்லாரையும் கூட்டி உட்கார வெச்சாலும் நாலு சஹனுக்குக் காணாதே!" எல்லோரும் சிரித்தார்கள். நாமும்தான் சிரித்தோம்.

பாடசாலைக்குப் போகும் வழியில் அந்தச் சிரிப்பு கொஞ்சம் உறுத்தியது. வரலாறு படிப்பிக்கிறவர்கள் இப்படித் தலைக்கணக்குப் பார்த்துச் சிரிக்கலாமா என்று. அன்று தரம் 11 வகுப்பில் ருஷ்யப் புரட்சி பற்றிய பாடம். பாடம் முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஒரு சின்னக் கட்சியின் கதையைச் சொன்னோம். அதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறோம். நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

ஒல்லாந்தர் என்றால் எமக்குக் காலிக் கோட்டையும் கறுவாவும்தான் ஞாபகம் வரும். ஏறத்தாழ 140 வருடம் இந்த நாட்டின் கரையோரத்தை ஆண்டவர்கள். ஜாவாவிலிருந்தும் பக்கத்துத் தீவுகளிலிருந்தும் சிப்பாய்களையும் நாடுகடத்தப்பட்டவர்களையும் இங்கே கொண்டுவந்து இறக்கியவர்களும் அவர்களே. எமது மலாய்ச் சகோதரர்களின் முன்னோர் பலர் அப்படி வந்தவர்கள். இலங்கையை 1796இல் ஆங்கிலேயரிடம் விட்டுவிட்ட ஒல்லாந்தர், ஜாவாவையும் சுமாத்ராவையும் மட்டும் 20ஆம் நூற்றாண்டு வரை விடவில்லை.

அந்த ஒல்லாந்தரின் நாட்டில், நெதர்லாந்தில், 1909இல் ஒரு கட்சி பிறந்தது. சமூக ஜனநாயகக் கட்சிக்குள் 'தி ட்ரிபியூன்' என்ற பத்திரிகையை நடத்திய சிலர், தலைமை மிதவாதம் பேசுகிறது என்று விமர்சித்தார்கள். பத்திரிகையை நிறுத்து என்றார்கள், நிறுத்த மாட்டோம் என்றார்கள். வெளியே போடப்பட்டார்கள். டேவிட் வெய்ன்கோப், வான் ராவஸ்டெய்ன், யான் செட்டோன் என்ற மூவர்தான் முன்னால் நின்றவர்கள். செட்டோன் ஓர் ஆசிரியர். கவிஞர் ஹெர்மன் கோர்ட்டரும் வானியலாளர் அன்டன் பனகூக்கும் அவர்களோடு சேர்ந்தார்கள். மொத்தம் சுமார் 400 பேர். முதல் தேர்தலில் ஒரு ஆசனமும் இல்லை. 1918இல் இரண்டு ஆசனம். அந்த வருடமே பெயரைக் கம்யூனிஸ்ட் கட்சி என்று மாற்றிக்கொண்டார்கள். லெனினின் ருஷ்யாவுக்கு வெளியே அந்தப் பெயரை மிக முன்கூட்டியே எடுத்தவர்களில் இவர்களும் உண்டு.

இந்த வட்டத்தைச் சேர்ந்த ஒருவர் ஹென்க் ஸ்னேவ்லீட். ரயில்வே ஊழியர், தொழிற்சங்கக்காரர். 1913இல் ஜாவாவுக்குப் போனார். மறு வருடம் சுரபாயாவில் சில டசின் பேரைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். பெரும்பாலும் எல்லோரும் வெள்ளையர்கள். அந்த நேரம் ஜாவாவில் மக்கள் சக்தி இருந்தது வேறோர் இடத்தில்: சரேகத் இஸ்லாம் என்ற இயக்கத்தில். பத்திக் துணி வியாபாரம் செய்த முஸ்லிம்கள் தொடங்கி, இலட்சக்கணக்கான விவசாயிகள் சேர்ந்த இயக்கம் அது. ஸ்னேவ்லீட்டின் ஆட்கள் அதற்குள் போய் வேலை செய்தார்கள். சரேகத் இஸ்லாமின் இளைஞர்கள் இந்தச் சங்கத்திலும் உறுப்பினர் ஆனார்கள். ஒரே ஆள் இரண்டிலும் இருக்கலாம். அப்படி வந்தவர்தான் செமாவுன் என்ற இளம் ரயில்வே ஊழியர். ஸ்னேவ்லீட்டை 1918இல் நாடுகடத்தினார்கள். ஆனால் 1920 மே மாதம் செமராங்கில் கம்யூனிஸ்ட் கட்சி அமைந்தபோது தலைவர் செமாவுன்தான். 1921இல் ஷங்ஹாயில் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் முதல் மாநாடு நடந்தபோதும், மாஸ்கோவின் பிரதிநிதியாக அதே ஸ்னேவ்லீட் அங்கே இருந்தார். வந்திருந்த சீனப் பிரதிநிதிகளில் மாவோவும் ஒருவர். சொந்த நாட்டில் இரண்டு ஆசனக் கட்சி, ஆசியாவில் இரண்டு பெரிய கட்சிகளின் பிரசவ அறையில் நின்றிருக்கிறது.

இனி எமக்கு மிகப் பிடித்த பகுதி.

மேற்கு சுமாத்ராவின் மினாங்கபாவ் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் தான் மலாக்கா. படிப்பில் கெட்டிக்காரன். புக்கிட்டிங்கியில் இருந்த ஆசிரியர் பயிற்சிப் பாடசாலையில் படித்தவரை, மேற்படிப்புக்கு நெதர்லாந்து அனுப்ப வேண்டும் என்று அவருடைய ஒல்லாந்து ஆசிரியர் ஒருவரே முயற்சி எடுத்தார். காசு? ஊர் மக்கள் சேர்ந்து நிதி திரட்டினார்கள். 1913இல் ஹார்லெம் நகரத்து ஆசிரியர் கலாசாலையில் சேர்ந்தார். குளிர் தாங்காமல் நெஞ்சில் நோய் வந்தது. அதோடுதான் படித்தார்.

ஆசிரியர் கலாசாலை விடுதியில் இருந்து படித்தவர்களுக்கு இது விளங்கும். வீட்டிலிருந்து வரும் காசை எண்ணி எண்ணிச் செலவழிப்பது, ஊருக்குப் பதில் சொல்லவேண்டும் என்ற பாரம். எமக்குப் பின்னால் ஒரு குடும்பம்தான் இருந்தது, அவருக்குப் பின்னால் ஒரு கிராமமே இருந்தது.

1919இல் ஊர் திரும்பினார். சுமாத்ராவின் டெலி தோட்டப் பகுதியில், கூலித் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் வேலை கிடைத்தது. தோட்டத்தில் தொழிலாளரை நடத்திய விதத்தைக் கண்ணால் பார்த்தார். எமது மலையகத் தோட்டங்களின் வரலாறு தெரிந்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. வேலையை விட்டு ஜாவாவுக்குப் போய், சரேகத் இஸ்லாம் சார்பில் செமராங்கில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை நடத்தினார். 1921 கடைசியில் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவரும் ஆனார். சில மாதங்களில் கைது. 1922இல் நாடுகடத்தல். எங்கே தெரியுமா? நெதர்லாந்துக்கே!

அங்கே அந்தச் சின்னக் கட்சி ஒரு காரியம் செய்தது. அந்த வருடப் பொதுத்தேர்தலில் தனது பட்டியலில் மூன்றாவது பெயராகத் தான் மலாக்காவைப் போட்டது. ஆளப்படுகிற தீவுகளிலிருந்து வந்த ஒருவர், ஆளுகிறவர்களின் பாராளுமன்றத்துக்கு நின்றது அதுவே முதல் தடவை. பெரிய கட்சிகளுக்கு அந்த எண்ணம் வரவில்லை. கட்சிக்குக் கிடைத்தது இரண்டு ஆசனம். இவர் மூன்றாவது ஆள்.

அதே வருடம் நவம்பரில் மாஸ்கோவில் சர்வதேச மாநாடு. 1920 மாநாட்டில், அகில இஸ்லாமிய இயக்கத்தை எதிர்க்க வேண்டும் என்று தீர்மானம் போட்டிருந்தார்கள். தான் மலாக்கா எழுந்து அதைக் கேள்வி கேட்டார். அந்தத் தீர்மானத்தைக் காட்டித்தான் ஜாவாவில் அரசாங்கத்தின் ஆட்கள் விவசாயிகளிடம் 'இவர்கள் உங்கள் மார்க்கத்தை அழிக்க வந்தவர்கள்' என்று பிரசாரம் செய்தார்கள் என்றார். சரேகத் இஸ்லாம் தலைவர்களைத் தமது ஆட்கள் பக்குவமில்லாமல் விமர்சித்ததையும் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். இன்று அகில இஸ்லாம் என்றால் அடிமைப்பட்ட முஸ்லிம் மக்களின் விடுதலைப் போராட்டம், அதை ஏன் எதிர்க்கவேண்டும் என்று கேட்டார். கைதட்டினார்கள். ஆனால் ஜாவாவில் உடைந்தது உடைந்ததுதான். இரண்டிலும் உறுப்பினராக இருப்பதை 1921இலேயே சரேகத் இஸ்லாம் தடை செய்திருந்தது.

தூரத்தில் இருக்கிற தலைமை ஊரை அறியாமல் போடுகிற தீர்மானத்துக்கு ஊரில் இருப்பவன் விலை கொடுக்கிறான். கட்சிகளில் மட்டுமா இது நடக்கிறது? சரி, அதை விடுவோம்.

1926இல் ஜாவாவில் கிளர்ச்சி செய்யக் கட்சி முடிவெடுத்தபோது, இது ஆயத்தமில்லாத வேலை என்று தான் மலாக்கா எதிர்த்தார். கேட்கவில்லை, நசுக்கப்பட்டார்கள். பல வருடம் பல நாடுகளில் பெயர் மாற்றித் திரிந்தார். கடைசியில் 1949 பெப்ரவரியில், சுதந்திரத்துக்காகப் போராடிய சொந்த நாட்டு இராணுவத்தின் கையாலேயே கிழக்கு ஜாவாவில் கொல்லப்பட்டார். 1963இல் சுகர்ணோ அவரைத் தேசிய வீரர் என்று அறிவித்தார்.

நெதர்லாந்துக்குத் திரும்புவோம். 1940 மேயில் ஜேர்மனியர் நாட்டைப் பிடித்தார்கள், ஜூலையில் கட்சி தடை. அப்போது ஹிட்லருக்கும் ஸ்டாலினுக்கும் ஒப்பந்தம் இருந்த காலம். அதனால் கட்சித் தலைமை ஆரம்பத்தில் தடுமாறியது, சங்கடமான கட்டுரைகளும் எழுதியது. இதை மறைக்கக்கூடாது. ஆனால் 1941 பெப்ரவரி 22, 23இல் ஆம்ஸ்டர்டாமின் யூதப் பகுதியில் 400க்கும் மேற்பட்ட இளைஞர்களை நடுத்தெருவில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதைப் பார்த்துப் பொறுக்காத இருவர் கட்சிக்காரர்கள்: தெரு சுத்தம் செய்யும் பீட் நாக், வீதி போடும் தொழிலாளி வில்லம் கிரான். 24ஆம் திகதி மாலை நோர்டர்மார்க்ட் சந்தைச் சதுக்கத்தில் கூட்டம் கூட்டி, நாளை வேலைநிறுத்தம் என்றார்கள். கட்சி இரவோடு இரவாகத் துண்டுப்பிரசுரம் அடித்தது. 25ஆம் திகதி காலை டிராம் வண்டிகள் ஓடவில்லை. டிராம் ஓடாததைக் கண்டு நகரமே நின்றது. சான்டாம், ஹார்லெம், உட்ரெக்ட் என்று பரவியது. எமது ஆசிரியர் படித்த அதே ஹார்லெம்.

இதில் ஒரு திகதியைக் கவனியுங்கள். ஹிட்லர் சோவியத் யூனியனைத் தாக்கியது 1941 ஜூனில். இவர்கள் எழும்பியது பெப்ரவரியில். மாஸ்கோ சொல்லி எழும்பியதல்ல இது.

இரண்டு நாளில் சுட்டு அடக்கினார்கள். வேலைநிறுத்தக்காரர் மூவரை மார்ச் 13இல் சுட்டுக்கொன்றார்கள். கிரானை 1942 நவம்பரில். கட்சியை விட்டு எப்போதோ விலகியிருந்த ஸ்னேவ்லீட்டும் 1942 ஏப்ரலில் நாஸிகளால் கொல்லப்பட்டார். பிடித்துச் சென்ற யூத இளைஞர்களில் அநேகமாக யாரும் திரும்பவில்லை. பீட் நாக் சித்திரவதைக்குப் பிறகும் உயிரோடு இருந்தார். யூதர்களைக் காத்ததற்காக இஸ்ரேல் அவரைக் கௌரவித்தது. 1969இல் நெதர்லாந்தில் பாலஸ்தீனக் குழு தொடங்கப்பட்டபோது, தொடங்கியவர்களில் அதே பீட் நாக்கும் ஒருவர். இதை வகுப்பில் சொன்னபோது பின் வாங்கில் இருந்த பிள்ளைகளும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

போருக்குப் பிறகு மக்கள் மறக்கவில்லை. 1946இல் 100இல் 10 ஆசனம். கட்சியின் பத்திரிகை கொஞ்ச காலம் நாட்டிலேயே அதிகம் விற்றது. அந்த மரியாதையைக் கட்சி தானே கரைத்தது. 1956இல் சோவியத் டாங்கிகள் ஹங்கேரிக்குள் போனபோது அதை ஆதரித்தது. ஆம்ஸ்டர்டாமில் கோபங்கொண்ட கூட்டம் கட்சித் தலைமையகத்தைச் சூழ்ந்து கல்லெறிந்தது. 1941இல் அவர்கள் பின்னால் வேலையை நிறுத்திய அதே நகரம். 1959இல் 3 ஆசனம், 1986இல் பூச்சியம். 1991இல் கலைந்து பசுமை இடதுசாரிக் கட்சிக்குள் போய்விட்டார்கள்.

இன்னொரு குட்டிக் கதை மிச்சம் இருக்கிறது. 1960களில் மாஸ்கோவும் பீக்கிங்கும் பிரிந்தபோது உலகமெங்கும் கட்சிகள் உடைந்தன. எமது நாட்டிலும் 1964 அளவில் சண்முகதாசன் தலைமையில் பீக்கிங் அணி தனியானது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். நெதர்லாந்திலும் சீனச் சார்பாக ஒரு மார்க்சிய லெனினியக் கட்சி முளைத்தது. தலைவர் பெயர் கிறிஸ் பீட்டர்சன். சீனத் தலைவர்கள் அவரை அழைத்து விருந்து வைத்தார்கள், காசும் கொடுத்தார்கள். அல்பேனியாவும் வரவேற்றது. 2004இல் நெதர்லாந்து உளவுத்துறையில் வேலைசெய்த ஒருவர் புத்தகம் எழுதியபோது விஷயம் வெளியே வந்தது. கட்சியை உருவாக்கியதே உளவுத்துறைதான். பத்திரிகையை எழுதியதும் அவர்களே. பீட்டர்சனின் உண்மைப் பெயர் பீட்டர் பூவே. தொழில்? கணித ஆசிரியர். (எமது கணித ஆசிரியர் நண்பர்கள் கோபிக்க வேண்டாம்.)

அந்தக் கட்சியில் உண்மையாக நம்பிச் சேர்ந்தவர்கள் ஒரு டசின் பேர் அளவில் இருந்தார்கள். நானாவின் கணக்கில் இரண்டு சஹன். சம்பளத்தில் ஒரு பங்கை மாதாமாதம் கொடுத்தவரும் அவர்களில் உண்டு. கதை முடிந்ததும் ஒரு பிள்ளை கேட்டது: "சேர், அந்தாக்களுக்கு முதல்லயே யாரும் சொல்லல்லையா?"

இல்லை மகள். 2004இல் எல்லோரோடும் சேர்த்துத்தான் அவர்களுக்கும் தெரிய வந்தது.