ஹார்வர்டு முதல் டிஓஐ வரை: ஆய்விதழ்ச் சான்றுக் குறிப்புகளின் வடிவ வரலாறு

அறிவியல் ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்புகிறவர்களைக் கடைசி வாரத்தில் அதிகம் அலைக்கழிப்பது துணைநூற்பட்டியல்தான். ஆண்டு பெயரை ஒட்டி வருமா, இதழின் பெயருக்குப் பின் வருமா? எத்தனை ஆசிரியர்களுக்குப் பிறகு ‘மற்றும் பிறர்’ போடலாம்? இதழுக்கு இதழ் விதி மாறுகிறது. வரலாற்றைப் பின்தொடர்ந்தால் இந்த விதிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் தென்படும். எந்தக் காலத்தில் யாருடைய வேலையை எளிதாக்க வேண்டியிருந்ததோ, அவருக்கு ஏற்ற வடிவமே அந்தக் காலத்தில் நிலைபெற்றது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஹென்றி ஓல்டன்பர்க் 1665இல் லண்டனில் ‘ஃபிலசாஃபிக்கல் டிரான்சாக்‌ஷன்ஸ்’ இதழைத் தொடங்கியபோது ஆய்வாளர் வட்டம் மிகச் சிறியது. பேச்சுவாக்கில் ஒருவர் பெயரைச் சொன்னாலே படிப்பவருக்கு விளங்கிவிடும். 19ஆம் நூற்றாண்டில் இதழ்கள் பெருகின, அடிக்குறிப்புகளும் பெருகின. வேதியியலார் ‘அன்னாலன்’, ‘பெரிஷ்டெ’ போன்ற ஜெர்மானிய இதழ்களின் பெயரைச் சுருக்கி, தொகுதி எண்ணையும் பக்க எண்ணையும் மட்டும் தந்தார்கள். கட்டுரைத் தலைப்பைப் பெரும்பாலும் தருவதில்லை. தொகுதிகளை அலமாரியில் அடுக்கி வைத்திருந்தவருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

திருப்பம் 1881இல் நேர்ந்தது. ஹார்வர்டு விலங்கியலாளர் எட்வர்ட் லாரன்ஸ் மார்க் ஒரு நத்தை இனத்தின் முட்டை முதிர்ச்சி, கருவுறுதல், பிளவுறுதல் பற்றி நீண்ட ஆய்வொன்றை வெளியிட்டார். ஓடில்லாத இலைநத்தை அது. கட்டுரையின் நடுவே ஆசிரியர் பெயரை அடுத்து அடைப்புக்குறிக்குள் ஆண்டைக் குறித்தார். இறுதியில் உள்ள பட்டியலுக்கு வாசகரை அந்த எண் அனுப்பிவைக்கும். அதே சமயம் அந்த ஆய்வு எந்தக் காலத்தது என்பதையும் அங்கேயே சொல்லிவிடும் என்று ஓர் அடிக்குறிப்பில் காரணமும் எழுதினார். ஹார்வர்டு முறை என்று இன்று சொல்வதன் தொடக்கமாக ஆய்வாளர்கள் காட்டுவது இந்தக் கட்டுரையைத்தான். கருத்துகள் வேகமாக மாறிக்கொண்டிருந்த துறை கருவியல். எது முந்தையது, எது பிந்தையது என்பது படிக்கும்போதே கண்ணில் பட வேண்டியிருந்தது. வாசகரை மனத்தில் வைத்து உருவான வடிவங்களில் இதற்கு இணையாக வேறொன்றைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

ஒரே ஆய்வைத் துறைகள் எப்படி வெவ்வேறாகக் குறிக்கின்றன என்று பார்க்கலாம். வெண்குறுமீன்களின் உச்ச நிறை பற்றி எஸ். சந்திரசேகர் 1931இல் எழுதிய புகழ்பெற்ற சிறு கட்டுரையை வானியற்பியல் இதழ்கள் ‘சந்திரசேகர், எஸ். 1931, ஏபிஜே, 74, 81’ என்று மரபாகக் குறிக்கும். பெயர், ஆண்டு, இதழின் சுருக்கம், தொகுதி, முதல் பக்கம், அவ்வளவே. மருத்துவ இதழின் வடிவத்தில் எழுதினால் பெயருக்குப் பின் கட்டுரையின் முழுத் தலைப்பும், சுருக்கிய இதழ்ப் பெயரும் வரும். அதன்பின் ‘1931;74:81-2’ என்று இடைவெளியே இல்லாத எண்வரிசை. முதல் வடிவம் துறைக்குள் இருப்பவருக்கு மட்டும் பேசுகிறது. வெளியிலிருந்து வரும் மாணவருக்கு அந்த வரியிலிருந்து கட்டுரையின் பொருளை ஊகிக்கக்கூட வழியில்லை. அச்சுத்தாள் பஞ்சம் இல்லாத இன்றைக்கும் தலைப்பை விட்டுவிடுவது சரியென்று எனக்குப் படவில்லை.

அந்த மருத்துவ வடிவத்துக்கு வான்கூவர் என்று பெயர் வந்த கதை தட்டச்சுப் பொறியோடு பிணைந்தது. ஓர் இதழ் மறுத்த கட்டுரையை இன்னொன்றுக்கு அனுப்பும்போது பட்டியல் முழுவதையும் அந்த இதழின் விதிப்படி மறுபடியும் தட்டச்ச வேண்டும். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை புள்ளிகளும் காற்புள்ளிகளும் இடம் மாறும். இந்தச் சுமையைக் குறைக்க 1978 ஜனவரியில் பொது மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் சிலர் கனடாவின் வான்கூவர் நகரில் கூடினார்கள். ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ ஆசிரியர் ஸ்டீபன் லாக், ‘அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்’ ஆசிரியர் எட்வர்ட் ஹூத் ஆகியோர் இம்முயற்சியில் முன்னின்றவர்கள். அடுத்த ஆண்டு பொது விதிகள் அச்சில் வந்தன. குறிப்புகளின் வடிவத்தை அவர்கள் அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்திடமிருந்து பெற்றார்கள். அந்த நூலகத்துக்குப் பின்னால், ஜான் ஷா பில்லிங்ஸ் 1879இல் தொடங்கிய ‘இண்டெக்ஸ் மெடிக்கஸ்’ என்ற மாபெரும் அட்டவணையின் மரபு இருந்தது. வரிக்கு வரி இடத்தை மிச்சப்படுத்தியாக வேண்டிய அட்டவணையாளரின் சிக்கனமே அரைப்புள்ளியும் முக்காற்புள்ளியுமாக நம் பட்டியலில் இன்றும் உட்கார்ந்திருக்கிறது. தொடக்கத்தில் 7 அல்லது அதற்கு மேற்பட்ட ஆசிரியர்கள் இருந்தால் முதல் 3 பேரை மட்டும் தரச் சொன்னார்கள். பின்னர் அது முதல் 6 பேர் என்றாயிற்று.

இதற்கிடையே குறிப்பின் பயனே மாறிவிட்டிருந்தது. யூஜீன் கார்ஃபீல்டு 1955இல் முன்மொழிந்து 1960களில் நடைமுறைக்குக் கொண்டுவந்த அறிவியல் மேற்கோள் அட்டவணை, துணைநூற்பட்டியலைக் கணக்கெடுக்கும் தரவாக்கியது. தொகுதி எண்ணில் ஓர் இலக்கம் பிசகினாலும் அந்த மேற்கோள் உரியவர் கணக்கில் சேராமல் போகலாம். 1985இல் ஓரன் பட்டாஷ்னிக் உருவாக்கிய பிப்டெக் என்ற துணைநூற்பட்டியல் மென்பொருள் தரவை ஒரு கோப்பிலும் வடிவ விதியை வேறொரு கோப்பிலும் வைத்தது. அன்றோடு வடிவச் சிக்கல் தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் ஸோடெரோ போன்ற மேற்கோள் மேலாண்மை மென்பொருள்கள் பயன்படுத்தும் பொதுக் களஞ்சியத்தில் இன்று 10,000க்கும் மேற்பட்ட இதழ்ப் பாணிகள் இருக்கின்றன. கட்டுரை ஒன்றை இதழின் வடிவத்துக்குக் கொண்டுவர ஆய்வாளருக்கு இடைநிலை மதிப்பாக 14 மணி நேரம் ஆகிறது என்று 2019இல் ‘ப்ளாஸ் ஒன்’ இதழில் வந்த ஆய்வு கண்டது. அதில் பட்டியலுக்குப் போவது ஒரு பங்குதான். அந்தப் பங்கையும் 2000இல் தொடங்கப்பட்ட கிராஸ்ரெஃப் என்ற பதிவு அமைப்பின் வழியே ஒவ்வொரு கட்டுரைக்கும் கிடைக்கும் டிஓஐ என்ற நிலையான அடையாள எண்ணைக் கொண்டு பதிப்பகமே பெருமளவு முடித்துக்கொள்ள முடியும்.

வடிவத்தில் மட்டும் கண்ணை வைத்தால் என்ன நேரும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. எல்செவியர் இதழ்களின் வழிகாட்டியில், வடிவத்தைக் காட்டுவதற்காக, வான் டெர் கேர் முதலியோர் 2000இல் எழுதியதாக ஒரு மாதிரிக் குறிப்பு தரப்பட்டிருந்தது. அப்படியொரு கட்டுரையே கிடையாது. ஆயினும் அது ஏறக்குறைய 400 முறை மேற்கோளாகப் பதிவாகியிருந்ததை லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பீட்டர் குரோனன்பெர்க் கண்டறிந்தார். மாதிரிக் கோப்பின் மீது தங்கள் கட்டுரையை எழுதியவர்கள் அந்த வரியை நீக்க மறந்ததே முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது. புள்ளியும் காற்புள்ளியும் அதில் பிழையின்றி இருந்தன.

தமிழ்ப் பெயர்களுக்கு வந்த சிக்கலும் இங்கே பேச வேண்டியது. வான்கூவர் முறை குடும்பப் பெயரை முன்னே வைத்து மற்றவற்றை எழுத்துகளாகச் சுருக்கும். வேளாண் அறிவியலாளர் எம். எஸ். சுவாமிநாதனின் பெயரில் ‘எம்’ மான்கொம்பு என்ற ஊர், ‘எஸ்’ தந்தை சாம்பசிவன். தலைப்பெழுத்துகளாகவே வழங்கியதால் ‘சுவாமிநாதன் எம்எஸ்’ என்று அவருடைய பெயரிலேயே பட்டியலில் நின்றார். இன்றைய இதழ்களின் இணையப் படிவங்களோ முதற்பெயர், கடைசிப்பெயர் இரண்டையும் விரித்துக் கேட்கின்றன. தந்தை பெயரைக் கடைசிப்பெயருக்கான கட்டத்தில் நிரப்பும் இளைஞரின் ஆய்வு தந்தை பெயரில் பதிவாகிறது. அவர் ஓரெழுத்தாகச் சுருங்குகிறார். அடுத்த கட்டுரையில் வேறு விதமாக நிரப்பினால் அவருடைய ஆய்வுகள் இரண்டு பேருடையவையாகப் பிரிகின்றன. இதைச் சரிசெய்யத்தான் 2012இல் ஓர்சிட் என்னும் 16 இலக்க அடையாள எண் வந்தது. கட்டுரையின் முகப்பில் அதை அச்சிடும் இதழ்கள் பல. வான்கூவர் மாதிரிக் குறிப்புகளில் அதற்கு இன்னும் இடமில்லை. அடுத்த திருத்தத்தில் நம் ஆய்வாளர்கள் கேட்டுப் பெற வேண்டியது அந்த இடத்தைத்தான்.