ஊட்டக்கேடும் நெஞ்சுவலியும்

ஊட்டக்கேட்டால் வரும் நெஞ்சுவலி என்பது, உடலுக்கு வேண்டிய சத்து குறைவதாலோ வேண்டாதது மிகுவதாலோ இதயமும் இரைப்பையும் எலும்பும் பழுதுபட்டு மார்பில் தோன்றும் வலியாகும். ஊட்டக்கேடு என்றதும் எலும்பும் தோலுமான உடலே நினைவுக்கு வருகிறது. வயிறு நிறையச் சாப்பிடுபவருக்கும் அது உண்டு. அரசலாறும் திருமலைராசனாறும் பாய்ந்து நெல் விளையும், மீனும் கரையேறும் காரைக்கால் இதற்குத் தக்க சான்று.

2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் ஆய்வின்படி, காரைக்கால் அடங்கிய புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் 26.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. நாட்டின் சராசரி 11.4 விழுக்காடுதான். உடற்பருமனில் புதுச்சேரிக்கே முதலிடம். தட்டில் குவியும் வெள்ளைச் சோறு, அதன்மேல் குழம்பு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல் என்பதே பல வீடுகளின் மதிய உணவு. மாவுச்சத்து மிகுந்து, பருப்பும் காயும் குறைந்த இந்த உணவோடு உடலுழைப்பும் குறையும்போது இரத்தத்தில் சர்க்கரையும் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பும் ஏறுகின்றன. கருவாடு, ஊறுகாய், அப்பளம் வழியாகச் சேரும் உப்பு இரத்த அழுத்தத்தைக் கூட்டுகிறது. நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. ஆண்டுக்கணக்கில் இப்படிப் போனால் இதயத் தமனிகளில் கொழுப்புப் படிந்து வழி குறுகுகிறது. படியேறும்போது மார்பை அழுத்துவதும், நின்றால் தணிவதும் அதன் அடையாளம். இரத்தம் உறைந்து வழி முழுதும் அடைபட்டால் மாரடைப்பு.

சத்துக் குறைவால் வரும் நெஞ்சுவலிக்கு முதன்மையான காரணம் இரத்தசோகை. ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள். ஹீமோகுளோபின் குறைந்தால் இரத்தம் சுமக்கும் ஆக்சிஜனும் குறையும். ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கும். படபடப்பும் மூச்சிரைப்பும் அதனால் வருகின்றன. தமனி ஏற்கெனவே குறுகியிருந்தால் சிறு வேலைக்கும் நெஞ்சு வலிக்கும். வெறுங்காலோடு வயலில் இறங்குவோரைத் தாக்கும் கொக்கிப்புழுவும், உணவு முடிந்த கையோடு குடிக்கும் தேநீரும் இரும்புச்சத்துக் குறைவைப் பெருக்குகின்றன. வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சியதை உண்ணும் பெண்ணுக்கே இந்தக் குறை கூடுதலாக நேர்வது கொடுமை.

தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்துக் குறைவால் வரும் பெரிபெரிக்கு இந்தியாவின் கிழக்குக் கடற்கரையில் நீண்ட வரலாறு உண்டு. 1835இலேயே மால்கம்சன் என்ற மருத்துவர் சென்னையில் இந்நோய் பற்றி நூல் வெளியிட்டார். பின்னர் குன்னூர் ஆய்வுக்கூடத்தில் ஊட்டச்சத்து அறிஞர்களான மெக்காரிசனும் அய்க்ராய்டும் இதை ஆராய்ந்தனர். ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட சென்னை மாகாணத்தின் வடகரையோரம், அதாவது இன்றைய ஆந்திரக் கடற்கரை, நோய்க்கு ஆளானது. புழுங்கலரிசி உண்ட தமிழகம் பெரும்பாலும் தப்பியது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஒரு பங்கு தங்கும். அரிசியைப் பலமுறை கழுவி, வடித்த கஞ்சியைக் கொட்டினால் அந்தப் பங்கிலும் இழப்பு நேரும். ஈரப் பெரிபெரி என்னும் வகையில் இதயம் வீங்கி, கால் நீர்கோத்து, மூச்சு முட்டி, மார்பு கனக்கும். இன்று இது முக்கியமாகத் தாக்குவது, சாப்பாட்டைத் தவிர்த்து நாள்தோறும் மது குடிப்பவர்களை. தயமின் ஊசி போட்டால் விரைவில் தேறிவிடக்கூடிய நோய் என்பதால், இதைத் தவறவிடுவது பெரிய இழப்பு.

இதயத்தைச் சாராத வலிகளும் உண்டு. பட்டினி கிடந்துவிட்டு இரவில் காரமாக, வயிறு புடைக்கத் தின்று உடனே படுத்தால் இரைப்பை அமிலம் மேலேறி நெஞ்சு எரியும். வைட்டமின் டி குறைந்தால் எலும்பு மென்மையாகி, விலாவையும் மார்பெலும்பையும் அழுத்தும்போது வலிக்கும்.

உணவைத் திருத்தப் புதிய பொருள் எதுவும் வேண்டியதில்லை. சோற்றைக் குறைத்து பருப்பு, கீரை, சுண்டலைக் கூட்டலாம். காரைக்கால்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் கரையேறும் மத்தி, நெத்திலி போன்ற சிறுமீன்களில் புரதமும் ஒமேகா-3 கொழுப்பும் உள்ளன. பொரிப்பதைவிடக் குழம்பில் போடுவது நல்லது. கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாக உடலில் சேரும்.

வலி வந்தபின் உணவு மருந்தாகாது. ‘வாய்வு பிடித்திருக்கிறது’ என்று சோடாவும் சீரகத் தண்ணீரும் குடித்துக் காத்திருப்பதால் பல உயிர்கள் போகின்றன. நீரிழிவு உள்ளவர்களுக்கு மாரடைப்பு, வலியே இல்லாமல் வெறும் வியர்வையும் களைப்புமாகவும் வரக்கூடும். மார்பு அழுத்தம் கைக்கோ தாடைக்கோ பரவினாலும், வியர்த்தாலும், மூச்சிரைத்தாலும் உடனே 108ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போய் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். வாய்வா, இதயமா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.